மாதிரி எண் அறுபத்தொன்று

வீட்டில் அவளுக்குப் பெயர் ஜப்பான். அண்ணன் வைத்தது. லாரி ஷெட்டில் நாள் முழுக்க கிரீஸோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு வம்பிழுக்க ஒரு ஆள் வேண்டாமா? "ஏ ஜப்பான், சாவுக்கு அடிக்கிற அட்டையப் பத்தியெல்லாமா வருஷக்கணக்குல படிப்பாங்க?" என்பான். அண்ணி உள்ளேயிருந்தே, "அவளாவது படிக்கிறா. நீங்க பேப்பர்ல சினிமாப் பக்கத்தத் தாண்டியிருக்கீங்களா?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

அண்ணன் கேட்டதிலும் தப்பில்லை. அவள் அதைத்தான் படித்தாள். ஜப்பானிய மொழியும் பண்பாடும் என்று முதுகலைப் படிப்பு. அதில் ஆய்வேடு, துக்க அட்டைகளைப் பற்றி. அந்த நாட்டுக்காரர்கள் புத்தாண்டு பிறந்தால் தெரிந்தவர்களுக்கெல்லாம் வாழ்த்து அட்டை போடுவார்கள். ஆனால் ஒரு வீட்டில் அந்த வருஷம் சாவு விழுந்திருந்தால், அந்த வீட்டார் முன்கூட்டியே சாம்பல் கரை போட்ட ஓர் அட்டையை அனுப்பிவிடுவார்கள். இன்னார் இறந்துவிட்டார், இந்த முறை நாங்கள் வாழ்த்துச் சொல்லவில்லை என்று நாலு வரி. அதைப் பார்த்தவர்களும் அந்த வீட்டுக்கு வாழ்த்து அனுப்ப மாட்டார்கள். இழவு வீட்டில் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அது.

அட்டைகளைக் கொடுத்தது ஓர் அச்சகக்காரம்மா. அங்கே ஏதோ ஒரு சின்ன ஊரில் மகனோடு அச்சகம் நடத்துகிறவள். இவள் இருபது அச்சகங்களுக்கு எழுதிப் போட்டதில் பதில் எழுதிய ஒரே புண்ணியவதி. அச்சடித்து மிஞ்சிய அட்டைகளை, அந்தந்த வீட்டாரைக் கேட்டுக்கொண்டு, பழுப்பு உறையில் போட்டு அனுப்புவாள். கூடவே ஒரு கடிதம் இருக்கும். எந்த வீட்டார் எந்த வரியை மாற்றச் சொன்னார்கள், யார் எழுதிக்கொடுக்க முடியாமல் கடையிலேயே உட்கார்ந்து அழுதார்கள் என்றெல்லாம் எழுதுவாள். நடுவே முழங்கால் வலி, மகனின் முன்கோபம். அந்தக் கடிதங்களை வைத்துத்தான் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க நின்றது.

வழிகாட்டிப் பேராசிரியை ஒரு விஷயத்தில் மட்டும் கறார். "செத்தவங்க பேரு நம்ம வேடிக்கைக்கு இல்ல. உறையத் திறந்ததும் பேரு, விலாசம் ரெண்டையும் ஒட்டி மறைச்சிடு. அப்புறம்தான் படிக்கணும், புரியுதா?" நியாயமான பேச்சுதான். இவளும் சொல் தட்டாத பிள்ளை. வெள்ளை ஒட்டுத்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தயாராக வைத்துக்கொண்டுதான் உறையைப் பிரிப்பாள். பார்வையை ஓரமாக வைத்துக்கொண்டே சரியான இடத்தில் ஒட்ட அவளுக்குக் கைப்பழக்கம் வந்துவிட்டது.

நவம்பர் கடைசியில் ஒரு பழுப்பு உறை வந்தது. எப்போதும்போல மேலே அச்சடித்த விலாசச் சீட்டு. உள்ளே ஒரே ஓர் அட்டை. கடிதத்தைக் காணோம். அந்த அச்சகத்துக்கு இதுதான் வேலை குவியும் மாதம், அந்தம்மாவுக்கு எழுத எங்கே நேரம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒட்டினாள், மறைத்தாள், படித்தாள், பட்டியலில் ஏற்றினாள், படமெடுத்துப் பின்னிணைப்பில் சேர்த்தாள். எண் 61. இறந்தவர்: தாய். வயது: 68. மாதம்: அக்டோபர். குறிப்பு என்ற கட்டத்தில், 'சிறப்பு ஏதுமில்லை.'

அவள் கவலையெல்லாம் வேறு ஒன்றில் இருந்தது. ஒருவருடைய கடிதங்களை ஆய்வேட்டில் போட வேண்டுமானால் அவருடைய சம்மதப் படிவம் வேண்டும். அங்கே கையெழுத்துக்குப் பதில் சிவப்பு மையில் முத்திரை வைப்பார்கள். முத்திரையுள்ள அசல் தாள் துறைக்கு வந்தாக வேண்டும். படிவத்தை அக்டோபர் தொடக்கத்திலேயே அனுப்பியாயிற்று. பதில் இல்லை. ஜனவரி முப்பத்தொன்று கடைசி நாள். ஏற்கெனவே இரண்டு முறை கெடு வாங்கியவளுக்கு மூன்றாவது கிடையாது. முத்திரை இல்லாவிட்டால் மூன்றாம் அத்தியாயம் இல்லை, அது இல்லாவிட்டால் பட்டமும் இல்லை.

டிசம்பர் முதல் வாரம் ஒரு நினைவூட்டல் எழுதினாள். பத்து நாள் கழித்து இன்னொன்று. அது கொஞ்சம் சூடாகவே அமைந்துவிட்டது: 'தங்கள் மௌனத்தின் காரணம் எனக்கு விளங்கவில்லை.' அதற்கும் அசைவில்லை என்றதும், ஓர் அழகான வாழ்த்து அட்டை வாங்கி, 'மகிழ்ச்சியான புத்தாண்டு, படிவத்தை மறந்துவிடாதீர்கள்' என்று எழுதிப் போட்டாள். ஓரத்தில் ஒரு சிரிக்கும் முகம் வேறு வரைந்து வைத்தாள், பாவி.

ஜனவரி இருபத்தெட்டாம் தேதி அண்ணி உறையை ஆட்டிக்கொண்டே வந்தாள். "ஜப்பானுக்கு ஜப்பான்லேருந்து தபால்!"

பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது சிவப்பு முத்திரைதான். "அண்ணி, வந்துடுச்சு! வந்துடுச்சு அண்ணி!" என்று கூவி அண்ணியைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்புறம்தான் கடிதத்தைப் பிரித்தாள். எழுதியிருந்தது மகன்.

'குளிர்காலத்தில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். புத்தாண்டு அட்டைக்கு நன்றி. என் தாய் அக்டோபரில் காலமானார். நவம்பரில் நானே அறிவிப்பு அட்டையை அச்சடித்து, அம்மா உங்களுக்கு அனுப்பும் அதே உறையில் அனுப்பினேன். தபாலில் தொலைந்துபோயிருக்க வேண்டும். தங்களைச் சங்கடப்படுத்தியதற்கு மன்னியுங்கள். அம்மாவின் சார்பில் முத்திரை வைத்திருக்கிறேன். ஆய்வேட்டின் ஒரு பிரதியை அனுப்பினால் அம்மாவின் படத்துக்கு முன் வைப்பேன்.'

கோப்பைத் தேடி எடுத்தாள். அறுபத்தொன்றாம் அட்டையில் ஒட்டியதை நகத்தால் உரித்தாள். பாதிப் பெயர் தாளோடு பிய்ந்து வந்தது. மிச்சமிருந்த பாதியே போதுமானதாக இருந்தது. "ஐயோ, கொன்னுட்டேனே," என்றாள். கொன்றது அவளில்லை, ஆனாலும் வாயில் வந்தது அதுதான்.

அண்ணன் வந்து முழுவதையும் கேட்டான். கேலி செய்யவில்லை. கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "அப்போ அந்தம்மா செத்து மூணு மாசமா நீ கையெழுத்துப் போடு, கையெழுத்துப் போடுன்னு எழுதிக்கிட்டிருந்தியா?" என்று மட்டும் கேட்டான். குத்திக்காட்டக் கேட்கவில்லை. விளங்கிக்கொள்ளத்தான் கேட்டான். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் பேராசிரியையிடம் ஓடினாள். அவர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "நான்தான் மறைக்கச் சொன்னேன். பழிய என்மேலயும் போட்டுக்கோ. இப்போ ஆகவேண்டியதப் பாரு. பின்னிணைப்புல அறுபத்தொண்ண எடுத்துட்டு வேற ஒரு அட்டையோட படத்தப் போடு. தபால்ல தொலஞ்சதாவே இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பிள்ளைக்கும் மனசு நோகாது," என்றார்.

"அவர்கிட்ட நான் பொய் சொல்லணுமா மேடம்?"

"சொல்ல வேணாம். சும்மா இரு, போதும்."

சும்மா இருப்பது எவ்வளவு சுலபம்! பட்டம் கைக்கெட்டும் தூரத்தில். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து மகனுக்கு இரங்கல் எழுதப் பார்த்தாள். துக்கம் சொல்ல அந்த மொழியில் பக்குவமான வரிகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் அவளுக்கு மனப்பாடம், அட்டவணையே போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் தேன் தடவிய மாதிரி இருந்தது, ஒன்றுகூட உண்மையாக இல்லை. நாலு தாளைக் கசக்கி எறிந்தாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முழங்கால் வலியைப் பற்றி அந்தம்மா எத்தனை முறை எழுதியிருப்பாள், இப்போது எப்படி இருக்கிறது என்று இவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கடைசியில் பள்ளிப் பிள்ளை எழுதுவதுபோல் எழுதினாள்: 'உங்கள் அட்டை தொலையவில்லை. எனக்கு வந்தது. பெயரைப் படிக்காமலே மறைத்து, எண் போட்டு, சிறப்பு ஏதுமில்லை என்று எழுதி வைத்தேன். அதன் படம் என் ஆய்வேட்டில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபின் உங்களுக்குச் சம்மதமா என்று சொல்லுங்கள். முத்திரை வைத்த படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.'

படிவத்தை மடித்து உள்ளே வைத்தாள். கடைசி நாளுக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது. கடிதம் போய்ச் சேரவே பத்து நாளாகும்.

தபால் நிலையத்தில் எழுத்தர் உறையைத் தராசில் வைத்து எடை பார்த்தார். "பதிவுத் தபாலா போடவாம்மா?"

"போடுங்க. கட்டாயம் போய்ச் சேரணும்."

"பயப்படாதீங்க. அந்த ஊருக்குப் போறதும் சரி, அங்கேருந்து வர்றதும் சரி, இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தொலஞ்சதில்ல."

"தெரியும் சார்," என்றாள்.