வள்ளங்களின் மன்றாட்டு

அன்ரோனெற்றுக்குக் கைதான் எல்லாம். மன்னார்க் கடற்கரை ஊரான பேசாலையில் யாரைக் கேட்டாலும் "அது மூளைக்காரப் பிள்ளை" என்பார்கள். விஷயம் தெரியாமல் சொல்வது. மென்பொருள் எழுதுகிறவளுக்கு யோசனை மூளையில் வருவதில்லை, விரல் நுனியில்தான் வருகிறது என்பது அவளுடைய கட்சி. பதினொரு வருடமாக ஒருவருக்கும் கீழே நிற்காமல், தன் வீட்டு வடக்கு அறையில் ஒரு மேசையையும் கதிரையையும் போட்டுக்கொண்டு, தன் பாட்டில் எழுதிப் பிழைத்தவள் அவள். காலையில் எத்தனை மணிக்கு வேலை தொடங்குவது என்று அவளிடம் கேட்க இந்த உலகத்தில் ஆளில்லை. அந்தச் சுகம் பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

மேசையைப் பார்த்தாலே ஆளைப் பிடித்துவிடலாம். நடுவில் பாரமான ஒரு கீபோட். தட்டினால் ஒவ்வொரு விசையும் தனித்தனிச் சத்தம் போடும். கண்ணை மூடிக்கொண்டே எந்த எழுத்து விழுந்தது என்று சொல்லிவிடுவாள். திரையில் படம், பொத்தான் ஒன்றும் இல்லாத பழைய எடிட்டர், கறுப்பில் மஞ்சள் எழுத்து. புதிதாக வருகிறவற்றை எல்லாம் கலியாண வீட்டுச் சோடினை என்று தள்ளிவிடுவாள். பக்கத்தில் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி, ஒரு பென்சில், போத்தலில் பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீ, யன்னல் ஓரத்தில் தொலைநோக்கி. பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கடல்நீர் தேங்கி நிற்கும் களப்புப் பக்கம் போய்ப் பூநாரைகளைப் பார்ப்பாள். கொப்பியின் முன்பக்கத்திலிருந்து நிரல் வரும், பின்பக்கத்திலிருந்து பறவைக் கணக்கு வரும். இரண்டும் நடுவில் முட்டும்போது புதுக் கொப்பி வாங்குவாள்.

மத்தியானம் ஆனால் அந்த அறை ஒரு மாதிரி ஆகிவிடும். கடற்காற்று திரைச்சீலையைத் தூக்கித் தூக்கி விடும். வெளிச்சம் சுவரில் நெளியும். அவள் பாதி விழிப்பும் பாதிக் கனவுமாக எழுதிக்கொண்டே போவாள். திரைக்கும் கடலுக்கும் நடுவில் சுவரே இல்லை என்றிருக்கும். சில நாள் பூநாரைகள் வரிசையாக வந்து மஞ்சள் எழுத்துகளுக்கிடையில் ஒற்றைக்காலில் நிற்கும். திடுக்கிட்டு விழித்துப் பார்த்தால் நாற்பது வரி எழுதி முடிந்திருக்கும், எல்லாம் பிழையில்லாமல்.

நத்தார்ப் பண்டிகை கழிந்து இரண்டு கிழமையில் மணிக்கட்டு இரண்டும் பிடித்துக்கொண்டன. முதலில் எரிவு, பிறகு மரமரப்பு, பிறகு தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கமுடியாத நிலை. மன்னாரில் டொக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "கையா, கீபோட்டா? ஒண்டைத் தெரிவு செய்யுங்கோ. ஆறு மாதத்துக்குத் தட்டவே கூடாது."

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி கடிதம் போட்டிருந்தது. மற்றவர்கள் எழுதுவதை மேற்பார்வை பார்க்கும் வேலை; விரலே தேவையில்லை. தவக்காலம் முடிந்து வரும் உயிர்த்த ஞாயிறுக்கு முன்னர் பதில் வேண்டுமாம். நல்ல வேலைதான், ஆனால் அன்ரோனெற்றுக்கு அந்தக் கடிதத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அதற்குள் வாயால் சொல்லி நிரல் எழுதப் பழகிவிட்டால் தப்பினாள். இல்லாவிட்டால் தன் மேசை, தன் நேரம், தன் மத்தியானம் எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

சொல்வதைக் கேட்டு எழுதும் மென்பொருள் ஒன்றை எடுத்துத் தன் தமிழுக்குப் பழக்கினாள். அடைப்புக்குறிக்கு "வளைவு திற, வளைவு மூடு", அடுத்த வரிக்கு "என்டர்" என்று சொற்களும் வைத்தாள். கையில் இருந்த வேலை மீனவர் சங்கத்துடையது. காலையில் எந்த வள்ளம் கடலுக்குப் போனது, எது கரைக்குத் திரும்பியது, எது இன்னும் வரவில்லை என்று ஒரே பார்வையில் காட்டவேண்டும். பெரிய வித்தை இல்லை. ஆனால் அவளுக்கு நிறுத்திப் பேசத் தெரியவில்லை. விரல் ஓடின வேகத்திலேயே வாயும் ஓடியது. மெஷினோ மூச்சுவிட இடம் கேட்டது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பின, "என்டர்" என்ற சொல்லும் அந்தக் குழம்புக்குள்ளேயே போனது. இரண்டு கிழமையில் உருப்படியாக இருபது வரி வரவில்லை. ஒரு நாள் மேசையில் தலையை வைத்து அழுதாள். கண்ணீரைத் துடைக்கவும் கை நொந்தது.

தவக்காலம் தொடங்கிய இரண்டாம் கிழமை வள்ளங்களின் பெயர்களை ஏற்றத் தொடங்கினாள். களைத்துப்போயிருந்ததால் அன்றைக்குக் குரல் தானாக இழுபட்டது.

"அர்ச்சியசிஷ்ட அந்தோனியார்," என்று சொல்லி மூச்சு வாங்கினாள்.

யன்னலுக்கு வெளியே, பனையோலை வேலிக்கு அப்பாலிருந்து, ஒரு ஆண்குரல் கனமாக வந்தது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

பக்கத்து வளவு வீட்டுக்காரர் யாகப்பர்தான். ஐம்பத்திரண்டு வயது. போன வருடம் மனைவி பெற்றிசியா கண்ணை மூடினபிறகு கடலுக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. பூவரசுக்குக் கீழே இருந்து, கிழிசல் பொத்தி முடிந்த வலையையே திரும்பவும் பொத்திக்கொண்டிருப்பார். அந்த ஊரில் தவக்காலத்தில் ஒரு வீட்டில் புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு மன்றாட்டு மாலை சொல்லும் சத்தம் கேட்டால், கேட்கிறவர் கிணற்றடியில் நின்றாலும் மீன் வெட்டிக்கொண்டு நின்றாலும் மறுமொழி சொல்லியே தீருவார். சொல்லாமல் விட வாய்க்குத் தெரியாது. ஊரில் பாதி வள்ளங்களுக்கு அந்த அர்ச்சியசிஷ்டவர்களின் பெயர் என்பதை மனிதர் அந்த நேரம் யோசிக்கவில்லை.

அன்ரோனெற் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "செபஸ்தியார்." மறுமொழி வந்தது. "லூர்து மாதா." வந்தது. "மின்னல் இரண்டு" என்றபோது வேலிக்கு அப்பால் கொஞ்சம் தயக்கம். பிறகு, வந்தது வரட்டும் என்று, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

திரையைப் பார்த்தாள். மைக் ஒன்றையும் விடவில்லை. மின்னல் இரண்டு எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று அழகாக எழுதி வைத்திருந்தது. அதோடு இன்னொன்றையும் கண்டாள். பெயர்களில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. அவருடைய மறுமொழிக்குக் காத்திருந்ததில் அவள் நிறுத்தியிருக்கிறாள். நிறுத்தியதால் மெஷினுக்கு விளங்கியிருக்கிறது.

கருவி தனக்கு வளையாவிட்டால் வளைக்கிற சாதி அவள். நோகாத ஒரு விரலால் மெல்ல மெல்லத் தட்டி ஒரு விதி எழுதினாள். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கேட்டால் எழுதாதே, அடுத்த வரிக்குப் போ.

அடுத்த நாளிலிருந்து வேலை ஓடியது. மூன்று மணிக்கு யாகப்பர் பூவரசடிக்கு வருவார். அவள் தொடங்குவாள். வள்ளங்கள் முடிந்து நிரலுக்குள் போனபிறகும் குரலின் இழுப்பை மாற்றவில்லை. "வளைவு திற, வராத வள்ளம், வளைவு மூடு." காற்று பாதிச் சொல்லைக் கொண்டுபோய்விட்டு ராகத்தை வேலியில் விட்டுச்செல்லும். மறுமொழி வரும், கேர்சர் ஒரு வரி கீழே இறங்கும். பழைய மத்தியானங்கள் திரும்பி வந்தன. பாதிக் கனவில் அவள் ஒரு வரி சொல்ல, கடலே அதை ஏற்றுக்கொள்வதுபோல் இருந்தது. கொழும்புக் கடிதம் மேசை லாச்சிக்குள் போயிற்று. அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை ஒளிப்பானேன்?

ஐந்தாம் கிழமை வெள்ளிக்கிழமை யாகப்பர் வேலியடிக்கு வந்து, பேப்பரில் சுற்றிய கருவாட்டை நீட்டினார்.

"பிடி பிள்ளை. உனக்குத்தான்."

"ஏன் அண்ணை இதெல்லாம்?"

"பெற்றிசியா போனாப்பிறகு என்ரை வாயிலை ஒரு செபமும் வரேல்லை. அவள்தான் முன்னுக்குச் சொல்லுறவள், நான் மறுமொழி மட்டும். தனிய இருந்து ஆருக்கு மறுமொழி சொல்லுறது? நீ தொடங்கினாப்பிறகுதான் நித்திரையே வருது." சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டார்.

அன்ரோனெற் கருவாட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அந்த மனிதரின் செபத்தைப் பிடித்துப் பொத்தான் ஆக்கி வைத்திருக்கிறேனே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. அன்று பின்னேரம் களப்புக்குப் போனாள்; எத்தனை பூநாரை நின்றது என்று கொப்பியில் எழுதவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் அவர் வாயை மூடிக்கொள்வார். அவர் மூடினால் தன் வாய் பழையபடி ஓடும். குருத்தோலை ஞாயிறு நாளை மறுநாள்; அதிலிருந்து ஒரு கிழமையில் உயிர்த்த ஞாயிறு. வேலையில் இன்னும் கால்வாசி கிடக்கிறது. சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அந்த நியாயம் சைக்கிள் வீடு வந்து சேரும்வரைகூட நிலைக்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு மைக்கைப் போடாமல் வேலியடிக்குப் போனாள்.

"யாகப்பரண்ணை, நான் சொல்லுறது செபமில்லை."

அவர் ஊசியை வலையில் குத்திவிட்டு நிமிர்ந்தார். "என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"வள்ளங்களின்ரை பேர் அண்ணை. சங்கத்துக்கு ஒரு வேலை செய்யிறன். கை ஏலாது, அதாலை வாயாலை சொல்லி எழுதிறன்."

"அப்ப அந்த வளைவு திற, வளைவு மூடு?"

"அதுவும் வேலைதான்."

"நான் புதுச் செபப்புத்தகம் எண்டெல்லோ நினைச்சன்," என்றார் யாகப்பர். "இப்ப எல்லாத்தையும் மாத்திறாங்கள் தானே."

சிரிக்கவேண்டிய இடம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்சத்தையும் சொன்னாள். "நீங்கள் மறுமொழி சொல்லேக்கை மெஷின் அடுத்த வரிக்குப் போகும். நான்தான் அப்பிடிச் செய்து வைச்சனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அப்ப நான் ஒரு சுவிச்சு," என்றார் அவர். வலையைச் சுருட்டித் தோளில் போட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

ஞாயிறு வளவில் சத்தமில்லை. திங்களும் இல்லை. செவ்வாய் மூன்று மணிக்கு அன்ரோனெற் மைக்குக்கு முன்னால் இருந்து ஒரு வரி சொன்னாள். நிறுத்த வேண்டும் என்று தெரியும். மறுமொழி வராத அந்த இடத்தில் நிற்க அவளால் முடியவில்லை. பயத்தில் அடுத்த வரிக்கு ஓடினாள். எல்லாம் குழம்பி வந்தது. லாச்சியைத் திறந்து கொழும்புக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"பிள்ளை."

யன்னலுக்கு நேரே, வேலிக்கு மேலால் யாகப்பரின் தலை தெரிந்தது. முகத்தைச் சவரம் செய்திருந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"மூண்டு நாளா யோசிச்சனான்," என்றார். "கோபம்தான் முதலிலை வந்தது. பிறகு பார்த்தன். நீ சொன்னது வள்ளத்தின்ரை பேர், சரி. நான் சொன்னது செபம்தானே? அதை ஆர் இல்லையெண்டு சொல்லுறது?"

அவர் வேலிக்கு மேலால் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார்.

"ஊர் வள்ளம் எல்லாம் சொன்னாய். மின்னல் இரண்டுக்கும் மன்றாட வைச்சாய். எங்கடை வள்ளம் ஏன் வரேல்லை?"

அவருடைய வள்ளம் ஒரு வருடமாகக் கரையில் கவிழ்த்தபடி கிடக்கிறது. மனைவியின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார். அன்ரோனெற் தயங்கித் தயங்கிச் சொன்னாள், "கடலுக்குப் போறதுகள் மட்டும்தான் அண்ணை பட்டியலிலை."

"எனக்குத் தெரியும்," என்றார் யாகப்பர். "போடு."

அவர் பூவரசடிக்குப் போய் இருக்கும்வரை காத்திருந்தாள். பட்டியலின் கடைசிக்குப் போனாள். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. காற்று திரைச்சீலையைத் தூக்கி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது.

"பெற்றிசியா," என்று சொல்லி நிறுத்தினாள்.

இந்த முறை அவள் ஓடவில்லை. வேலிக்கு அப்பால் இருமும் சத்தம் கேட்டது. கனநேரம் சென்றது.

"எங்களுக்காக..." என்றார் யாகப்பர். குரல் உடைந்தது. திரும்பத் தொடங்கினார். "எங்களுக்காக வேண்டி..." மிச்சம் அழுகையாகத்தான் வந்தது. மெஷினுக்கு அது விளங்கவில்லை. கேர்சர் பெற்றிசியாவின் பக்கத்திலேயே மினுங்கிக்கொண்டு நின்றது.

அன்ரோனெற் மடியிலிருந்து வலது கையைத் தூக்கினாள். பாரமான அந்த என்டர் விசையைத் தன் விரலாலேயே அழுத்தினாள். முழங்கை வரைக்கும் நொந்தது. அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

பிறகு அவள் மேசையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தாள். புதுப் பக்கம் திறக்கச் சொல்லி, ஆறுதலாக, இழுத்து, பதிலைச் சொல்லத் தொடங்கினாள்.

"மதிப்புக்குரிய ஐயா, உங்கள் வேலை எனக்கு வேண்டாம்," என்று சொல்லி நிறுத்தினாள்.

அது வள்ளமா கடிதமா என்று யாகப்பர் கேட்கவில்லை. இந்த முறை மறுமொழி குரல் உடையாமல், முழுதாக, வேலியைத் தாண்டி வந்தது.