பாக்கியிருந்த மூன்று

நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபடி மணிக்கணக்கில் பேசுவேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்கள் பாதியில் எழுந்து போக முடியாது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். அன்றைக்கு அப்படி மாட்டிக்கொண்டவள் என் தங்கை. இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டிதான்.

குட்டி மூன்றாவது முறை உண்டாகியிருந்தாள். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். மாப்பிள்ளையும் சரி என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருவதாக என் மனைவி ஒப்புக்கொண்டிருந்தாள். என்னிடம்தான் யாரும் மூச்சு விடவில்லை. சமையலறையில் இரண்டு பேரும் கிசுகிசுத்தது காதில் விழுந்துதான் எனக்கே தெரியும். அப்போதிருந்து மனசு கொதித்துக்கொண்டிருந்தது. எப்படியாவது இவள் மனதை மாற்றிவிட வேண்டும் என்று, "உனக்கு கிளட்ச் இன்னும் சரியா வரல, வா" என்று வண்டியில் ஏற்றிவிட்டேன்.

முதல் திருப்பம் தாண்டுவதற்குள் ஆரம்பித்தேன்.

"குட்டி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. உயிர்னா முதல் நொடியிலேருந்தே உயிர்தான்."

"லாரி வருதுண்ணா."

"வரட்டும், ஓரமா ஒதுங்கு. கண்ணுக்குத் தெரியலங்கறதுக்காக அது இல்லன்னு ஆயிடுமா? நீ, நான் எல்லாருமே ஒரு காலத்துல கண்ணுக்குத் தெரியாம இருந்தவங்கதானே?"

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ரெண்டாவது பொறந்தப்ப நான் எப்படி இருந்தேன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். குழந்தை அழுதால் காதைப் பொத்திக்கொள்வாள். அவளைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டதெல்லாம் என் மனைவி. நான் எப்போதாவது பழம் வாங்கிக்கொண்டு போய், அறை வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டு வந்தவன்.

"இன்னொரு தடவ அந்தச் செவுத்த என்னால பாக்க முடியாதுண்ணா. இந்தத் தடவ எழுந்திருக்க மாட்டேன்."

"அதெல்லாம் சரியாயிடும். இப்ப எத்தனையோ மருந்து வந்தாச்சு. போன உயிர் திரும்பி வருமா? ஒரு உயிரப் போக்கிட்டு அந்த ரெண்டு புள்ளைங்க மூஞ்சியில எப்படி முழிப்ப?"

அவள் கண் கலங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பிடி இறுகிவிட்டது, இன்னும் கொஞ்சம் பேசினால் வழிக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வண்டியின் ஸ்பீக்கரோடு இணைத்து வைத்திருந்ததால் தானாகவே எடுத்துக்கொண்டது. ஒரு பெண் குரல், மிக மரியாதையாக, வண்டி முழுக்கக் கேட்டது.

"சார், கருத்தரிப்பு மையத்துலேருந்து பேசறோம். போன வாரம் நீங்க சொன்னபடி, உறைய வச்சிருந்த உங்களோட மூணு கருவையும் அப்புறப்படுத்தியாச்சு. தகவல் சொல்லத்தான் கூப்பிட்டோம்."

"சரிங்க" என்றேன். போதாததற்கு, "ரொம்ப நன்றிங்க" என்றும் சொன்னேன்.

எங்கள் மகள் அந்த மையத்தின் தயவில் வந்தவள். பல வருஷம் அலைந்து கடைசியில் நான்கு கருக்கள் கிடைத்தன. ஒன்றை என் மனைவியின் வயிற்றில் வைத்தார்கள். முன்பல் விழுந்து, ஓட்டை வாயோடு இப்போது வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருப்பது அதுதான். பாக்கி மூன்றும் அங்கேயே குளிரில் இருந்தன. வைத்திருக்கட்டுமா என்று வருஷா வருஷம் கேட்பார்கள். போன வாரம் கேட்டபோது ஒரு மாணவர் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். "போதும்ங்க, எடுத்துருங்க" என்றேன். அதே மூச்சில் அவரிடம், "ஸ்டியரிங்க முழுசா ஒடிங்க சார்" என்றேன். என் மனைவியும் சம்மதித்த விஷயம்தான். ஆனாலும் அன்று சாயங்காலம் அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் வீணாகிறது என்று நான் கதவைத் தட்டினேன்.

குட்டி இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரும்பி என்னைப் பார்த்தாள். பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"அது வேற, இது வேற குட்டி."

"எப்படிண்ணா வேற?"

வாயைத் திறந்தேன். அது வெளியே இருந்தது, இது உள்ளே இருக்கிறது என்று சொல்லலாம். சும்மா கிடந்தால் அது வளராது, இது வளரும் என்றும் சொல்லலாம். ஆனால் முதல் நொடியிலிருந்தே உயிர் என்று இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசியவன் நான். அந்த மூன்றும் உயிர் என்றால் நான் செய்தது என்ன? உயிர் இல்லையென்றால் இவளை எதற்கு அழவைத்தேன்? இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல்தான் இத்தனையும் பேசியிருக்கிறேன்.

"உன்னக் குத்திக்காட்டக் கேக்கல" என்றாள். "நெஜமாவே தெரிஞ்சுக்கணும். அவங்ககிட்ட அப்படிச் சொன்ன அன்னிக்கு ராத்திரி நீ தூங்கினியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"தூங்கினேன்மா."

"நல்லாவா?"

"ம். நல்லாத் தூங்கினேன்."

மெல்லத் தலையசைத்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. எத்தனை நாளாக இருக்கிறதோ, அப்போதுதான் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை நானும் வரேன் குட்டி" என்றேன்.

"வேணாம்ணா. நீ பேசுவ."