தள்ளி உட்காரு

சிலமலை ஊர்க்காரி மாயக்காளுக்கு விமானத்தைப் பார்த்துப் பயமில்லை. உள்ளே போனதும் பக்கத்து சீட்டில் இருந்த ஆளைப் பார்த்துத்தான் திரும்பி இறங்கிவிடலாமா என்றிருந்தது. கண்ணாடியோரம் விறைப்பாக உட்கார்ந்திருந்தவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் கோட்டைச்சாமி.

எல்லாம் தங்கை மகன் விஜயபாண்டி பார்த்த வேலை. சென்னையில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறான். "பஸ்சுல வந்தா இடுப்பு போயிரும் பெரியம்மா" என்று மதுரையிலிருந்து டிக்கெட் போட்டு அனுப்பியவன், பக்கத்தில் யார் என்று மட்டும் மூச்சு விடவில்லை. விமானக் கம்பெனிக்கு என்னவோ நாட்டின் பெயரையே வைத்திருந்தார்கள், இடம்தான் தாராளமில்லை. சீட்டு ஆளுக்கு ஒரு முழம்.

அண்ணனும் தங்கையும் பேசி எட்டு வருடம் ஆகிறது. மாயக்காளின் மகள் முத்துப்பிரியா பெரியவளாகிச் சடங்கு வைத்த அன்று, போடிமெட்டு மலைப்பாதையில் லாரி குறுக்கே நின்று தாய்மாமன் கோட்டைச்சாமி வந்த ஜீப்பு மாட்டிக்கொண்டது. நல்ல நேரம் போகிறதே என்று கூட்டம் அவசரப்படுத்த, மாயக்காள் தன் ஒன்றுவிட்ட தம்பியை மாலை போடச் சொல்லிவிட்டாள். கோட்டைச்சாமி வந்து இறங்கியபோது பிள்ளையின் கழுத்தில் வேறு ஆள் போட்ட மாலை. மனுசன் கொண்டுவந்த மாலையை ஜீப்பின் முகப்பிலேயே போட்டுவிட்டு, வந்த வழியே மலையேறிப் போய்விட்டார்.

இப்போது அதே முத்துப்பிரியாவுக்குத் தையில் கல்யாணம். தாய்மாமன் இல்லாத மணவறையை நினைத்து நினைத்தே மாயக்காள் பாதியாக இளைத்திருந்தாள். ஆனால் வலியப் போய்ப் பேச வாய் வருமா? வீம்பில் இரண்டு பேரும் ஒரே அச்சு. நடுவில் இருந்த கைப்பிடியில் அவரும் முழங்கையை வைக்கவில்லை, இவளும் வைக்கவில்லை.

விமானம் மேலே போய்ச் சமமாகப் பறந்தது. தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்த பணிப்பெண் இவர்கள் பக்கத்தில் நின்றபோது விமானம் ஒரு குலுக்கு குலுக்கியது. அந்தப் பெண் சீட்டின் முதுகைப் பிடித்துச் சமாளித்தாள். மாயக்காளுக்கு மனசு கேட்கவில்லை. அவள் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் ஜீப்பில் ஒருத்தி நின்றுகொண்டு வந்தால் மற்றவர்கள் இடுக்கிக்கொண்டு இடம் விடுவார்கள். யாரும் யோசித்துச் செய்வதில்லை, உடம்பே செய்துவிடும். நடுவில் இடித்த கைப்பிடியை மேலே தூக்கிவிட்டு, அண்ணனை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினாள்.

"வெரசா தள்ளி உக்காருண்ணே, புள்ள நிக்கிதுல்ல! நீ இப்பிடி ஓரமா ஒக்காரு ஆத்தா."

பணிப்பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அதில் கேலி இல்லை. "பரவால்லம்மா, எனக்குப் பின்னாடி தனி சீட் இருக்கு" என்று இவள் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தாள்.

அப்புறம்தான் மாயக்காளுக்கு உறைத்தது. கோட்டைச்சாமி கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக் கிடந்தார்.

"இதுக்கு மேல எங்கிட்டுத் தள்ளுறது? வெளிய மேகந்தேன் கெடக்கு," என்றார் முகத்தைத் திருப்பாமலே. கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்கிட்டயா பேசுன? இல்ல, ஜீப்பு நெனப்புல வாயில வந்துருச்சா?"

ஆமா, ஜீப்பு நினைப்புதான் என்று சொல்லிவிடலாம். வீம்பு பிழைத்துக்கொள்ளும். மகள் கல்யாணம்?

"ஒங்கிட்டதேண்ணே பேசுனேன்." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அன்னைக்கு ஒனக்காகக் காத்திருந்துருக்கணும். ஊருப் பேச்சக் கேட்டுப்புட்டேன், தப்பு எம்மேலதேன். தையில முத்துப்பிரியாவுக்குக் கல்யாணம். நீ வந்துதேன் மால போடணும்."

கோட்டைச்சாமி மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாகிவிட்டது, இனி அவர் பாடு என்று மாயக்காள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சென்னை நெருங்கியதும் அதே பணிப்பெண் வந்து, விமானம் இறங்கப்போகிறது, கைப்பிடியைக் கீழே போடுங்கள் என்றாள்.

கோட்டைச்சாமி கைப்பிடியை இறக்கினார். தங்கையின் கையை எடுத்து அதன்மேல் வைத்து, தன் கையால் மூடிக்கொண்டார்.

"மலப்பாதைய நம்பி இனிமே ஆகாது மாயி," என்றார். "கல்யாணத்துக்கு மொத நாளே எறங்கிர்றேன். ஒரு பாய மட்டும் விரிச்சு வையி."