ரெஜிஸ்டர் மட்டும்தான்

"ரெஜிஸ்டர் மட்டும்தான் மேடம். தாலி கட்டல," என்று குமுதாவின் அப்பா சின்னையா மறுபடியும் சொன்னார்.

பீச் ஸ்திரீட் மாடியில் வக்கீல் புஷ்பவள்ளியின் அறை. ஏர்கோன் சத்தம் போட்டதே தவிர குளிரவில்லை. குமுதா நைட் ஷிப்ட் முடிந்து, தூங்காமல், தொழிற்சாலைச் சட்டையோடு நேரே வந்திருந்தாள். கண் எரிந்தது.

"தாலிக்கு முன்னாடியே ஏன் ரெஜிஸ்டர் பண்ணீங்க?" என்று கேட்டாள் வக்கீல்.

"கவர்மெண்ட் மலிவு வீட்டுக்கு மனு போடணும், சர்ட்டிபிகேட் இருந்தா சீக்கிரம் கிடைக்கும்னு மாப்பிள்ளை சொன்னாரு. எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க? கையெழுத்துப் போட்டோம், வாழையிலைல சாப்பிட்டோம், அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டோம் லா. அதுக்குப் பேரு கல்யாணமா?"

"கோர்ட்டுல அதுக்குப் பேருதான் கல்யாணம் அண்ணே. மஞ்சக் கயிறெல்லாம் அங்க கணக்குல வராது."

அப்பா இன்னமும் குகனை மாப்பிள்ளை என்று சொல்வது குமுதாவுக்கு எரிச்சலாக இருந்தது. போன மாதம் அந்த மாப்பிள்ளைதான் தொழிற்சாலை வாசலில், பஸ்ஸுக்கு நின்ற பெண்களெல்லாம் பார்க்க, அவள் போனைப் பிடுங்கித் தரையில் அடித்தான். ஷிப்டில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் விடாமல் கூப்பிட்டு, எவன்கூடப் பேசிக்கொண்டிருந்தாய் என்று வந்து நின்றான். அன்றே அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகிறது என்றார் அப்பா. அதோடு முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள், குகனின் செய்தி வரும்வரை. 'நீ என் பொண்டாட்டி. பேப்பர் இருக்கு.'

புஷ்பவள்ளி பேனாவை எடுத்தாள். "டைவர்ஸ்னா, ரெஜிஸ்டர் பண்ணி ரெண்டு வருஷம் ஆகாம சாதாரணமா மனு போட முடியாது. இன்னொரு வழி, இந்தக் கல்யாணமே செல்லாதுன்னு கேக்கறது. அது சீக்கிரம் முடியலாம். ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து இருந்திருக்கக் கூடாது. அதைச் சத்தியம் பண்ணி எழுதித் தரணும்."

அப்பா அன்று முதன்முதலாகச் சிரித்தார். "இவ்வளவுதானா? என் மக ஒரு ராத்திரி வெளிய தங்கினதில்ல மேடம். ஷிப்டைத் தவிர."

குமுதா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போன அந்த ராத்திரி, பத்து பெரிங்கி கடற்கரை ஓட்டலில் கடல் தெரியாத ஓர் அறை. குகன் போனில் சர்ட்டிபிகேட்டைக் காட்டிச் சிரித்தான். அவன் வற்புறுத்தவில்லை. அவளுக்கும் ஆசையாக இருந்தது. பேப்பர்தான் இருக்கிறதே என்று அவளும் நினைத்தாள்.

புஷ்பவள்ளி அவள் முகத்தைப் பார்த்தாள். "அண்ணே, கீழ போட்டோஸ்டேட் கடை இருக்கு. இவங்க ஐ.சி.யும் சர்ட்டிபிகேட்டும் காப்பி எடுத்துட்டு வாங்க."

அவர் இறங்கிப் போகும் சத்தம் அடங்கியதும் புஷ்பவள்ளி குமுதாவின் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சொல்லு."

"ஆமான்னா என்ன ஆகும்?"

"அப்ப டைவர்ஸ்தான். போனை உடைச்சதுக்கு போலீஸ் ரிப்போர்ட் பண்ணியா?"

"இல்ல."

"இன்னிக்கே பண்ணு. அதை வச்சு, ரெண்டு வருஷம் காத்திருக்க முடியாதுன்னு கேட்டுப் பாக்கலாம். கஷ்டம்தான்."

"இல்லன்னு எழுதிட்டா?"

"நீ சத்தியம் பண்ணின அப்புறம் அவன் ரூம் எடுத்த பில்லைக் கொண்டாந்து நீட்டினா, என்னால உன்னைக் காப்பாத்த முடியாது."

"அப்பாவுக்குத் தெரியாம..."

"கோர்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் அவரு உன்கூட வருவாரு. வராதீங்கன்னு சொல்லுவியா?"

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. வியர்வையோடு வந்த அப்பா காகிதக் கட்டை அவள் மடியில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது. மேலே இருந்த அடையாள அட்டை நகலில் அவள் முகம் கறுத்துப்போய், யாரென்றே தெரியவில்லை.

"நாலு நாலா எடுத்துட்டேன். இவங்க எப்பவும் இன்னொண்ணு கேப்பாங்க," என்றார். "எங்க மேடம் சைன் வைக்கணும்?"

குமுதா எட்டிப் பக்கத்து நாற்காலியை இழுத்தாள்.

"உக்காருங்கப்பா."

அவர் உட்காரவில்லை. மகளைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார். புஷ்பவள்ளி பேனாவை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குமுதாவின் கை நாற்காலி முதுகிலேயே இருந்தது.