மலை மேல் விட்ட வலை

கடலடியை அளந்து வரைபடம் போடுவதில் அவருக்கு இருபத்தாறு வருட அனுபவம். அந்த இருபத்தாறு வருடமும் அவர் அளந்தது சேறு மட்டுமே. கூடப் படித்த ஒருவருக்கு எரிமலை சிக்கியது, இன்னொருவருக்குப் பள்ளத்தாக்கு; இவருக்கு வாய்த்த கடலடியோ இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. கப்பலில் அவருக்குச் 'சேத்துமாமா' என்று பெயர். சமையல்காரர் வைத்தது.

ஆகவே ஆய்வுப் பயணத்தின் பதினெட்டாம் நாள் காலை, நாற்பது மீட்டர் உயர மலை ஒன்று திரையில் எழும்பியதும் டீயைக் கீபோர்டில் கொட்டிவிட்டார். கீபோர்டு பிழைத்துக்கொண்டது. அவருக்குத்தான் அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அதே கப்பலில் மீன்வள ஆய்வாளரான டாக்டரம்மா இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மூன்று வருடமாக அந்தக் கடலில் மீன்பிடிக்கத் தடை. மீன் பெருகியிருக்கிறது என்று காட்டினால் தடை நீங்கும்; இல்லையென்றால் இன்னும் ஐந்து வருடம். அவருடைய அண்ணன் படகோடு சேர்த்து இருநூறு படகுகள் கரையில் குப்புறக் கிடந்தன. இதுவரை வலையில் வந்தது ஒரு செருப்பு.

"அதுவும் ஒத்தைச் செருப்பு," என்றார் சமையல்காரர்.

மறுநாள் கப்பல் அதே வழியில் திரும்பியபோது மலை ஒரு கிலோமீட்டர் தெற்கே தள்ளி நின்றது. மலைகளோடு சேத்துமாமாவுக்கு அதிகப் பழக்கமில்லை. ஆனாலும் அவை நடக்காது என்ற அளவுக்குத் தெரியும். முந்தின நாள் பதிவை எடுத்து மறுபடி பார்த்தார்.

கருவி ஒலியைக் கீழே அனுப்பும். அது பலமாக எதிரொலிக்கும் இடத்தில் அவர் தரைக்கோடு போடுவார். கோட்டுக்குக் கீழே இருப்பதை மீன் எண்ணும் கருவி கழித்துவிடும். தரைக்குள் மீன் ஏது? இப்போதுதான் புரிந்தது: அடியில் ஊசி நுழைய இடமில்லாமல் நெருக்கியடித்து நின்றிருக்கிறது மீன் கூட்டம். அதன் முதுகையே தரை என்று நினைத்து, டாக்டரம்மாவின் மீனையெல்லாம் ஒரே கோட்டில் புதைத்துவிட்டார்.

வாயைத் திறக்காவிட்டால் மலை அவருடையது. நாளைக்குக் கப்பல் கரைக்குத் திரும்புகிறது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மலை. பிறகு எழுந்து கேப்டனிடம் போனார்.

"மலை மேல வலை விடுங்க."

"நல்லா இருக்கீங்களா சார்? மிச்சம் இருக்கிறது ஒரே வலை. பாறையில கிழிஞ்சா உங்க போர்வையைக் கட்டியா இழுக்கிறது?"

"அது மலையே இல்ல."

"நேத்து நீங்கதானே தண்டோரா போட்டீங்க!"

"நேத்து போட்டேன். இன்னிக்கு வாபஸ்."

"அப்ப எழுதிக் கொடுங்க."

கப்பல் பதிவேட்டில் எழுதினார்: 'நான் மலை என்று குறித்தது மலை அன்று.' கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணியது.

வலை இறங்கியது. கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நாற்பது நிமிடம் கழித்து வலையை மேலே இழுத்தபோது கப்பலின் பின்பக்கம் தாழ்ந்து, சமையலறைப் பாத்திரமெல்லாம் கீழே உருண்டது. தளம் முழுக்க வெள்ளி மினுக்கியது.

டாக்டரம்மா மண்டியிட்டு ஒவ்வொன்றாக அளந்தார்.

"மாமா, பாதிக்கு மேல சின்னது. போன வருஷம் பொறந்தது. கூட்டம் பெருகுது மாமா!"

"வேற எங்கெல்லாம் புதைச்சேனோ தெரியலையே தாயி," என்றார் அவர். "பதினெட்டு நாள் போட்ட தரைக்கோட்டையெல்லாம் திரும்பப் பார்க்கணும்."

டாக்டரம்மா கையைக்கூடக் கழுவவில்லை. ஸ்டூலை இழுத்துத் திரையின் முன்னால் போட்டார்.

"வாங்க, முதல் நாள்லேருந்து ஆரம்பிப்போம்."