கஞ்சி போடாத கோட்டு

1953 ஆகஸ்ட் 8, சனிக்கிழமை, தென்கொரியாவின் பூசான் துறைமுகத்துக்கு மேலே ஊவாம்-தோங் குன்றின் மாட்டுத் தொழுவத்தில் ஐந்து அகதிக் குடும்பங்கள் இருந்தன. எங்கள் தடுப்புக்கு அடுத்தது மா யோங்-பாலுடையது.

வடக்கே ஹாம்ஹுங்கில் அவர் நூடுல்ஸ் கடைக்காரர். போருக்குத் தப்பிக் கப்பலேறிய அன்று, நூடுல்ஸ் பிழியும் வெண்கல அச்சைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி முதுகில் கட்டிக்கொண்டு வந்தார். சமையல் பானைகள் அங்கேயே கிடந்தன. மூன்று கோடைகள் போயும், பிழிய உருளைக்கிழங்கு மாவு கிடைக்கவில்லை. கடைசியில் மனைவி புன்-ஓக், கொல்லர் சோங்கிடம் அச்சுக்கு இரண்டு பானை பேசி முடித்துவிட்டாள். மதியம் அவர் வருவதாக ஏற்பாடு.

“ஒரே ஒரு தடவை, நிவாரணக் கோதுமை மாவுல பிழிஞ்சு பாத்துடறேன்,” என்றார் யோங்-பால்.

“பாருங்க. உங்க பிள்ளைதானே அது.”

தகர டப்பாவில் கொதித்த நீரில் விழுந்ததும் நூல்கள் குழைந்து கூழாயின. வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் கிணற்றுக்குப் போனார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள் புன்-ஓக். பிறகு உத்தரத்தில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஹாம்ஹுங் ஊர்க்காரர் கூட்டத்துக்குப் போட்டுப் போகும் வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட அவர் வாங்கி வைத்திருந்த சர்க்கரைவள்ளி மாவு அது. ஏழு பிடி கோதுமைக்கு மூன்று பிடி போட்டுப் பிசைந்து பிழிந்தாள். இம்முறை நூல் அறுபடவில்லை. குளிர்ந்த எலும்புச் சாற்றை மேலே ஊற்றினாள்.

அவரும், இரண்டு பானைகளோடு கொல்லரும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கொரு கிண்ணம்.

“இது ஹாம்ஹுங் நூடுல்ஸ் இல்ல,” என்றார் யோங்-பால்.

“அப்ப கீழ வைங்க.”

அவர் வைக்கவில்லை.

“உங்க வடக்கத்தி நூடுல்ஸ் செருப்பு வார் மாதிரில்ல இருக்கும்!” என்றார் பூசான்காரரான சோங். “இதைப் பல்லால கடிக்க முடியுது. தங்கச்சி, இன்னொண்ணு போடு.”

கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு யோங்-பால் உத்தரத்தைப் பார்த்தார். “ஏ, என் கோட்டு மாவு எங்க?”

“இப்பத்தான் தின்னீங்க.”

சோங்குக்குப் புரையேறியது. போகும்போது பானைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நாளைக்கு மச்சானையும் கூட்டி வருவதாகச் சொன்னார்.

ஞாயிறன்று யோங்-பால் தொளதொளத்த கோட்டோடு கூட்டத்துக்குப் போனார். திங்களன்று ஊர்க்காரர்கள் ஏழு பேர் வந்தார்கள். குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள். அச்சு விற்கப்படவில்லை.