கம்பு நட்ட குழிகள்

முகத்துக்கு நேரே அவள் கீரைக்காரி. முதுகுக்குப் பின்னால் சந்தை முழுக்க சி.ஐ.டி. அக்கா. பக்கத்துக் கடைக்காரர் தராசைத் துடைத்தால் ஏன் துடைக்கிறார் என்பாள், துடைக்காவிட்டால் ஏன் துடைக்கவில்லை என்பாள். அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்தில் வந்து வாய்த்தார் தொட்டிக்காரர். மண் பூந்தொட்டி விற்பவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி ஆள்.

அவளுடையது வாசலோரத்து இடம். உள்ளே வருகிற கண்ணெல்லாம் முதலில் அவள் கீரையில்தான் விழும். அதற்காகக் கடைசி வரிசையில் சாக்கடை நாற்றத்தோடு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தவள். அந்த இடம் கைவிட்டுப் போனால் தன் கதை கந்தல் என்று அவளுக்குத் தெரியும்.

கோடை தொடங்கியதும் தொட்டிக்காரர் பெரிய தார்ப்பாய் ஒன்று வாங்கி, கம்பு நட்டுக் கட்டினார். அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. சூளையில் வெந்த தொட்டிக்கு நிழல் எதற்கு? வெயில் பட்டால் கறுத்துப்போய்விடுமா? போதாததற்கு வாராவாரம் முன்கம்பைப் பிடுங்கி, ஒரு சாண் அவள் பக்கமாகத் தள்ளி நட்டார். பழைய குழி மூடாமல் கிடக்கும். குழிக்குப் பின் குழியாக அவள் மேசையை நெருங்கிக்கொண்டே வந்தார் மனிதர்.

"இடத்தை இஞ்ச் இஞ்சா முழுங்குறாருய்யா," என்றாள் வீட்டில் புருஷனிடம்.

"அவர்கிட்டயே கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா உஷாராயிடுவாரு."

புருஷன் தலையில் அடித்துக்கொண்டு, கீரைக்கட்டுக்கு நார் கிழிக்கப் போய்விட்டான்.

ஒரு நாள் தொட்டிக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்து, "வெயில் ஏறுதும்மா," என்றார். வெயில் ஏறினால் இவருக்கென்ன வந்தது? நைசாகப் பேச்சுக் கொடுத்து ஆளைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிர்வரிசையில் கொத்தமல்லி துவண்டு தொங்கியது. அவள் கீரை மட்டும் ஜம்மென்று நின்றது. எல்லாம் நம் கைராசி என்று உள்ளூரப் பெருமை வேறு.

கம்பு மேசைக்காலைத் தொட்டதும் சந்தைச் செயலாளரை இழுத்து வந்துவிட்டாள்.

"பாருங்க சார், குழியெல்லாம் சாட்சி சொல்லுது. அடுத்த வாரம் என் மேசை மேலயே நட்டுடுவாரு!"

செயலாளர் தொட்டிக்காரரைப் பார்த்தார். தொட்டிக்காரர் குழிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வேற இடம் குடுங்க சார். போயிடறேன்," என்றார்.

வாதாடவே இல்லை. குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கடைசி வரிசையில், சாக்கடைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். அவர் தொட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் போனபோது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அடுத்த சந்தையில், அவள் கடை பரப்பிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கீரை தலை சாய்ந்தது. தண்ணீர் தெளித்தாள். இன்னும் துவண்டது.

"என்னக்கா, பழசைக் கொண்டாந்து தலையில கட்டறீங்களா?" என்றாள் வழக்கமாக வாங்குகிறவள்.

"விடியக்காலைல பறிச்சதும்மா, சத்தியமா!"

"யாருக்குத் தெரியும்?" என்று அவள் நகர்ந்துவிட்டாள்.

கீரைக்காரி அண்ணாந்து பார்த்தாள். நேற்றுவரை தார்ப்பாய் நிழல் விழுந்த இடத்தில் மொட்டை வானம். கோடை தொடக்கத்தில் மேசைமேல் விழுந்த வாசல் சுவரின் நிழல், சுவரடிக்கே சுருங்கிப் போயிருந்தது. சுவர் நிழல் விட்டுப்போன இடத்தை நோக்கித்தான் குழிகள் வரிசையாக வந்திருந்தன.

கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்வரிசைக்கு ஓடினாள். அங்கே தொட்டிகள் சுள்ளென்ற வெயிலில் கிடந்தன. தார்ப்பாய் மடித்தபடி ஓரத்தில் இருந்தது. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அண்ணே, அந்தப் பாயை எனக்காகவா கட்டுனீங்க?"

"தொட்டி என்ன வாடவா போகுது?"

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனேம்மா. வெயில் ஏறுதுன்னு."

"தப்புதாண்ணே. திரும்பி வந்துடுங்க. செயலாளர்கிட்ட நானே பேசறேன்."

தொட்டிக்காரர் கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்தார். கண்ணைச் சுருக்கி, அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவளுடையது.

"எதுக்கும்மா கூப்பிடறே?" என்றார். "இப்ப என்ன திட்டம்?"